சோம்பலுக்கு மாத்திரை

குருவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. குருவுக்குத் தாடி கிடையாது, ஏனென்றால் அவர் பெண். பெயர் மெஹருன்னிசா, இதய மருத்துவர்.

சீடர் சிதம்பரதாணு, அரசு மருத்துவமனையில் பொது வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் மெஹருன்னிசாவுக்குக் கல்லூரியில் வகுப்பெடுத்தவரும் அவர்தான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்று பழைய மாணவியிடமே வந்து சேர்ந்துவிட்டார்.

இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியாட்களால் லேசில் கண்டுபிடிக்க முடியாது.

அன்று காலை சிதம்பரதாணு மனைவி உலகம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"உக்காருங்க சார்."

"நின்னே சொல்லிடுதேன் மேடம். உக்காந்தா சொல்ல வராது."

"சொல்லுங்க."

"பேரனுக்குக் காதுகுத்து வச்சிருந்தோம்லா. பந்தி நடக்கு. இவ ரசம் ஊத்திட்டே வந்தவ, பாதியில வாளியக் கீழ வச்சிட்டுத் தரையில உக்காந்துட்டா. என்னாச்சுன்னு எல்லாரும் கேக்காங்க. நா என்ன சொன்னேன் தெரியுமா?"

குரு பேனாவை மூடிவைத்தார்.

"'ஒண்ணுமில்ல, நானே ரெண்டு தடவ எக்கோ எடுத்துப் பாத்தாச்சு. நெஞ்சு நல்லாருக்கு. இது சோம்பல்'னு சொன்னேன். பந்தியே சிரிச்சுது."

"அவங்க?"

"அவளுந்தான் சிரிச்சா."

"அதோட முடிஞ்சுதா?"

"நேத்துக் காலைல காப்பியக் கொண்டாந்து வச்சா. வச்சிட்டு, 'ஏங்க, சோம்பலுக்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தா குடுங்களேன். வர வரக் கூடிக்கிட்டே போவுது'ன்னா. கேலியாச் சொல்லல மேடம். நெசமாவே கேக்கா."

சிதம்பரதாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நா சொன்னத நம்பிட்டா" என்றார்.

குரு எழுந்து போய் உலகம்மாளை உள்ளே அழைத்து வந்தார். பிறகு சீடரைப் பார்த்து, "முதல்ல நீங்க படுங்க சார்" என்றார்.

"நானா? எனக்கு ஒண்ணுமில்லயே."

"படுங்க."

படுத்தார். திரையில் அவருடைய இதயம் தெரிந்தது. குரு அவரை நன்றாகப் பார்க்க விட்டார். அடுத்து உலகம்மாளின் முறை. அவர் செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வேலையைக் கெடுக்கிறோமே என்ற முகத்தோடு படுத்தார்.

"என்ன தெரியுது சார்?"

"நல்லாச் சுருங்குது. உள்ள இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளுது. நான் பாத்ததும் இதேதான்."

"சுவரோட கனம்?"

"பத்து மில்லிமீட்டர். நார்மல்."

"யாருக்கு நார்மல்?"

சிதம்பரதாணு சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். இந்த வயதில் புதிதாகப் படித்ததில் அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த அளவு ஒன்றுதான். அது யாருடைய அளவு என்று அவர் யோசித்ததே இல்லை. காது மடல் சூடாவதை அவரே உணர்ந்தார்.

"ஆம்பிளைக்கு" என்றார் மெதுவாக.

"உங்க நெஞ்ச இப்பத்தான் பாத்தோம். அறை பெருசு. அதுக்கு இந்தச் சுவர் சரி. இவங்க அறை பிறவியிலயே சின்னது. அதே கனத்துல சுவர் வச்சா உள்ள எவ்வளவு இடம் மிஞ்சும்?"

சீடர் பதில் சொல்வதற்குள் குரு உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு மாசாமாசம் வர்றது எப்ப நின்னுச்சு?"

உலகம்மாள் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "அது ஆச்சும்மா. நாப்பத்திரண்டுலயே நின்னுட்டு."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே?" என்றார் சிதம்பரதாணு.

"நீங்க கேக்கலியே. அதுவும் சொல்லிட்டுத் திரியுத விஷயமா?"

ஊரில் பாதிப் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டு மருந்து எழுதியவர் அவர். வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

"அது நின்னப்புறம் பெண்களுக்கு நெஞ்சு வேற தினுசா வயசாகுது சார்" என்றார் குரு. "உங்களுக்கும் வயசாகுது, ஆனா இதே மாதிரி இல்ல. ஒரே கூரை, ஒரே சோறுன்னா ரெண்டு நெஞ்சும் ஒண்ணுபோல முதிரணும்னு இல்ல. இவங்களோடது தடிச்சு, விறைச்சுப் போகுது."

"விறைச்சா என்ன? சுருங்குதே."

குரு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் குமிழை எடுத்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் கையால் அமுக்குவோமே, அது. பழசாகிப் பிசுபிசுத்துக் கிடந்தது.

"அமுக்குங்க."

அமுக்கினார். காற்று புஸ்ஸென்று வெளியேறியது.

"எப்படி?"

"நல்லாத்தான் அமுங்குது."

"இன்னொரு தடவ."

சிதம்பரதாணு கையைப் பார்த்தார். குமிழ் அமுங்கியபடியே கிடந்தது. எழும்பவே இல்லை.

"என்னத்த அமுக்க? உள்ள காத்தே வரலியே."

"முதல் அமுக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

சீடர் குமிழை மேசையில் வைத்தார். ஏதோ உடைத்துவிட்டவரைப்போல மெதுவாக வைத்தார்.

"வாங்கம்மா, மாடிவரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார் குரு. "நான் கூடவே வர்றேன். முடியலன்னா உடனே சொல்லணும்."

மூவரும் ஏறினார்கள். படி திரும்பும் இடத்தில் உலகம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இங்க இருந்து பாத்தா... கோயில் கோபுரம்... நல்லாத் தெரியுதே" என்றார்.

சிதம்பரதாணு எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கடைத்தெருவில் வாங்காத கத்தரிக்காய்க்கு உலகம்மாள் நின்று நின்று விலை கேட்பது அவர் நினைவுக்கு வந்தது. வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வது நினைவுக்கு வந்தது. போகிற வழியெல்லாம் வேடிக்கை என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பார். மூச்சு வாங்குவதை மறைக்க இவ்வளவு பாடா? டாக்டர் வீட்டிலா? அவருக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போதும்மா" என்று குரு உலகம்மாளைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்து வந்து, உடனே படுக்கவைத்துக் கருவியை நெஞ்சில் வைத்தார்.

"இப்பப் பாருங்க சார்."

பார்த்தார். இதயம் வேகவேகமாக அடித்தது. தள்ளுவதில் குறையில்லை. ஆனால் உள்ளே வர வேண்டிய ரத்தத்துக்கு இடமில்லை. அழுத்தம் ஏறி, எல்லாம் நுரையீரல் பக்கமே முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, உங்களுக்குச் சோம்பல் இல்ல" என்றார் குரு. "நெஞ்சு விரிய மாட்டேங்குது. அதுக்கு மருந்து இருக்கு. இன்னைக்கே ஆரம்பிப்போம். மூச்சு முட்டுறது குறையும்."

"சோம்பல் இல்லியா?"

"இல்லம்மா."

உலகம்மாள் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அதைத் துடைக்கக் கணவர் கையை நீட்டினார். பாதியில் துணிச்சல் போய், கையை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் அசையாமப் படுத்திருங்க" என்று சொல்லிவிட்டு, குரு வெளியே வந்து திரைச்சீலையை இழுத்து மூடினார். சீடரும் பின்னால் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அளவு தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா ரெண்டு தடவ பாத்தேனே. கட்டின பொண்டாட்டி. அவளுக்கு மூச்சு வாங்குறது எப்படி எங்கண்ணுல படாமப் போச்சு?"

"எப்படிப் பாத்தீங்க?"

"முறைப்படிதான். படுக்க வச்சு, பத்து நிமிஷம் நல்லா ஓய்வெடுக்க விட்டு, அதுக்கப்புறந்தான் படம் எடுத்தேன்."

குரு திரைச்சீலையை லேசாக விலக்கினார். உலகம்மாள் எழுந்துவிட்டிருந்தார். தலையணையைத் தட்டி வைத்துவிட்டு, விரித்திருந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எடுத்த படத்துல தப்பில்ல சார், ஓய்வுல மூச்சு வாங்காது" என்றார் குரு. "அந்தப் பத்து நிமிஷத்தத் தவிர, இவங்க ஓய்வா இருந்து நீங்க எப்பப் பாத்தீங்க?"