கடலையை வெறுத்த வாத்து

பனிமலைக்கு அப்பாலிருந்து வந்த வாத்துகள் ஓர் ஏரியில் குளிர்காலத்தைக் கழித்தன. வெயில் ஏறினால் ஏரி வற்றிவிடும். அதற்குள் திரும்பிப் பறந்தாக வேண்டும். அதனால் கிளம்பும் முன் எல்லா வாத்துகளும் கரையோரக் கொல்லையில் சிந்திக் கிடக்கும் நிலக்கடலையைத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கும். வழிக்கு அதுதான் கட்டுச்சோறு.

வெண்கழுத்தன் என்ற வாத்து மட்டும் கடலையைத் தொடவில்லை.

“ஏங்க, சாப்பிடுங்க!” என்றது அதன் மனைவி மைவரி.

“அத்தனையும் கொழுப்பு! கொழுப்பு விஷம் என்று கொக்கு அண்ணன் சொன்னார். அவர் இடுப்பைப் பார்த்தாயா?”

“அவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறவர்! நாம் மலையைத் தாண்ட வேண்டும்! அவர் விழுங்குகிற மீனில் மட்டும் கொழுப்பு இல்லையா?”

“நீ சும்மா இரு! உனக்கு ஒன்றும் தெரியாது!”

மைவரி இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டது.

வெண்கழுத்தன் புல்லை மட்டும் மேய்ந்தது. மெலிந்தது. போகிற வருகிற மீனிடமெல்லாம், “என் இடுப்பைப் பார்!” என்றது. கேட்டுக் கேட்டு மீன்களுக்கே சலித்துப் போயிற்று.

கிளம்பும் நாள் வந்தது. கூட்டம் எழும்பியது. முதல் குன்றைத் தாண்டுவதற்குள் வெண்கழுத்தனுக்குக் கண் இருட்டியது. ஒரு வரப்பில் சுருண்டு விழுந்தது. கூட்டம் நிற்கவில்லை. மைவரி மட்டும் இறங்கியது.

“நீ போ. நான் இங்கேயே கிடக்கிறேன்” என்று வெண்கழுத்தன் முனகியது.

“ஏரி வற்றினால் செத்துப்போவீர்களே! உங்களை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?” என்று மைவரி அழுதுகொண்டே திட்டியது.

இரண்டும் தத்தித் தத்தி ஏரிக்குத் திரும்பின. தண்ணீர் பாதியாகியிருந்தது.

“வற்றினால் எனக்கென்ன? அடுத்த ஏரி பக்கம்தானே!” என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்து போயிற்று.

அதன்பின் வெண்கழுத்தன் கடலை தின்றது. கடலையை மட்டுமே தின்றது! புல் வேண்டாம், தானியம் வேண்டாம் என்றது. வயிறு உப்பிப் போய், எழும்பப் பார்த்துத் தொப்பென்று சேற்றில் விழுந்தது.

“ஐயோ, உங்களோடு நான் என்ன பாடுபடுவது!” என்று கத்தியது மைவரி. “கடலையும் தின்னுங்கள், புல்லும் தின்னுங்கள், தானியமும் தின்னுங்கள்! இது என்ன பெரிய வித்தையா?”

இந்த முறை வெண்கழுத்தன் சொன்னபடி கேட்டது.

மிச்சமிருந்த கடைசி வாத்துக் கூட்டம் கிளம்பியபோது ஏரியில் கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். இரண்டும் அதோடு சேர்ந்து எழும்பின. மலையைத் தாண்டும்வரை மைவரி திட்டுவதை நிறுத்தவில்லை. வெண்கழுத்தன் இறக்கையை அடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே பறந்தது.

கொழுப்பை அடியோடு ஒதுக்கினாலும் உடம்பு தாங்காது, அதையே கட்டிக்கொண்டு அழுதாலும் தாங்காது. அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவில் மற்ற உணவோடு சேர்த்து உண்பதே நல்லது.