ரோஜாப்பூவுக்கு அடியில்

"மொட்டையடிச்ச மாதிரி இருக்கு. பூவும் இல்லை, என் படமும் இல்லை! இதுக்கா சம்பளம் தர்றேன்?" பள்ளித் தாளாளர் தங்கையா மேசையைத் தட்டினார். பின்னால் நின்ற ஆசிரியர்கள் அந்தச் சத்தத்துக்கும் தலையாட்டினார்கள்.

பக்கம் முழுக்க ரோஜாப்பூப் படங்களாக இருந்த அவருடைய வலைப்பூவை வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து என்று மாற்றியவள் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் ஜெசிந்தா. எதிர்த்துப் பேசிய ஓவிய ஆசிரியரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிய மகராசன் தங்கையா.

"பழைய பக்கத்தையே போடு. 'ஒழுக்கம்' கட்டுரையை இவங்க எல்லாரும் வரிக்கு வரி படிச்சுப் பாராட்டினாங்க. போடலேன்னா நாளைக்கு வராதே."

"போட்டுடறேன் சார்," என்றாள் நடுக்கத்தோடு. "ஆனா எழுத்தை மறைச்சிருந்த பூவை எல்லாம் எடுத்தப்புறம்தான் இது என் கண்ணில பட்டுது."

திரையைத் திருப்பினாள். 'ஒழுக்கம்' என்ற தலைப்புக்குக் கீழே, இடத்தை நிரப்ப எவரோ மாதிரிக்குப் போட்ட ஒரே வரி பத்தி பத்தியாக ஓடியது: "ஐயாவின் கருத்து இங்கே வரும். ஐயாவின் கருத்து இங்கே வரும்."

தங்கையா ஆசிரியர்களைப் பார்த்தார். ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அந்தக் கருத்தை மட்டும் சொல்லுங்க சார், இப்பவே ஏத்திடறேன்."