இரண்டாம் வரிசையில் நின்றவர்

தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்த மதிய வகுப்பு. ஜன்னல் வழியே இலவம்பஞ்சு மிதந்து வர, மனிதவள மேலாண்மை மாணவர்கள் பாதித் தூக்கத்தில் மிதந்தார்கள். கடைசி பெஞ்சு செண்பகவல்லி முழுத் தூக்கத்தில் மிதந்தாள்.

“எழுந்திரும்மா!” பேராசிரியர் குலசேகரன் மேசையைத் தட்டினார். “நான் கோபக்காரத் தொழிலாளி, நீ மேனேஜர். எதுவும் கொடுக்காம என் கோபத்தைத் தணிக்கணும். முடியலைன்னா இன்டர்னல் மார்க் சைபர்!”

அவர் வகுப்பில் அவரைத் தவிர யாரும் வாய் திறந்ததில்லை. செண்பகவல்லி மெல்லச் சொன்னாள்: “உட்காருங்க சார். என்ன குறை?”

“சம்பளம் போதலை!” நடிப்பாகத்தான் ஆரம்பித்தார்.

“அப்புறம் சார்?”

“வேலை ஜாஸ்தி!”

“அப்புறம்?”

பஞ்சு ஒன்று அவர் தோளில் இறங்கியது. குரலும் இறங்கியது. “இத்தனை வருஷ சர்வீஸ். டிபார்ட்மென்ட் குரூப் போட்டோவில நேத்து வந்தவனுக்கு நாற்காலி, என்னை இரண்டாம் வரிசையில நிக்க வச்சுட்டாங்க. அந்தப் போட்டோவை வீட்டுல காட்டவே இல்லை…”

வகுப்பே விழித்துக்கொண்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார், மணி அடிக்கும்வரை.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். “நீ ஒண்ணுமே செய்யலையே!”

“ஆமா சார். கோபம் இருக்கா?”

தேடிப் பார்த்தார். காணோம். முழு மார்க் போட்டார்.

“நாளைக்கு நீங்க மேனேஜர் சார்,” என்றாள் செண்பகவல்லி. “நாங்க எல்லாரும் தொழிலாளிங்க.”