கணக்கில் இல்லாத முயல்

“அசையாதே! கணக்கு நடக்கிறது!” என்று கத்தியது கொக்கு.

குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவந்த முயல் அதைக் கீழே வைத்தது. “ஐயா, ஆத்தோர வளைக்குள்ள தண்ணி வந்திருச்சு. மேட்டுக்குக் குடிபோறேன்.”

“மேட்டைக் காலையிலேயே முடித்துவிட்டேன். இனி நீ அங்கே போனால் என் வரிசை என்னாவது?”

போன வெள்ளத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று யானை மரம் மரமாகத் தேடியது. முள்ளம்பன்றியின் வளையைக் கண்டுபிடித்தபோது முள்ளம்பன்றி உயிரோடு இல்லை. இனிமேல் பெயரைச் சொன்னால் இடத்தை உடனே சொல்ல ஆள் வேண்டும் என்றது யானை. கொக்கு பெரிய மனது வைத்து ஒப்புக்கொண்டது. மேட்டில் தொடங்கி ஆறுவரை, வீடு வீடாக மனப்பாடம் செய்துகொண்டு போனது.

கிளையிலிருந்த மைனா குரல் கொடுத்தது. “அண்ணே! நீங்க தாண்டினதுக்கப்புறம் யாரு வீடு மாறுறாங்கன்னு நான் பாத்து வெச்சுக்கறேன். கடைசியில சேத்துக்குங்க!”

“வம்பெல்லாம் கணக்காகாது, போடி!”

கொக்கு முதுகைத் திருப்பியதும் முயல் குட்டிகளை ஒவ்வொன்றாக மேட்டில் சேர்த்தது. கொக்கு ஆற்றங்கரைக்கு வந்தபோது வளையில் தண்ணீர் மட்டும் இருந்தது. தண்ணீரை மனப்பாடம் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. எனவே அடுத்த வளைக்குப் போனது.

மாலையில், “முடிந்தது! ஒரு பிழையும் இல்லை!” என்று அறிவித்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

விடிந்தபோது வெள்ளம் மேட்டைச் சூழ்ந்திருந்தது. எதிரே கரையோர மரத்தின் தாழ்ந்த கிளையொன்றில் நின்ற கொக்கிடம் யானை கேட்டது.

“முயல் எங்கப்பா?”

“முயலா? இந்தக் காட்டில் முயலே இல்லை.”

“காப்பாத்துங்கன்னு அது கத்துறது கேக்குதே!”

“கணக்கில் இல்லாத சத்தம். பொருட்படுத்த வேண்டாம்.”

“நேத்து உன்கிட்ட பேசுச்சாமே!”

“பேசியது. வீட்டில் இல்லை.”

மைனா யானையின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. “மேட்டுல, பாறைக்குப் பின்னாடி! குட்டிங்களும் அங்கதான்! சீக்கிரம்!”

யானை நீரில் இறங்கியது. கடைசிக் குட்டியைத் துதிக்கையால் தூக்கியபோது பாறை முழுகிக்கொண்டிருந்தது.

கரை சேர்ந்த முயல் நடுங்கியபடியே கொக்கிடம் கேட்டது. “இப்பவாவது என்னைச் சேத்துக்குவீங்களா?”

“அடுத்த கணக்கில் பார்க்கலாம். அதுவரை இடம் மாறாதே!”

எண்ணி முடியும்வரை உலகம் அசையாமல் நிற்காது. இடையில் மாறியதையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் கணக்கு முடிகிறது.

கிளையைத் தண்ணீர் தொட்டது. கொக்கு பறந்துபோய் அடுத்த மரத்தில் உட்கார்ந்தது.