உருப்படாத காட்டுக்குத் திரும்பி வந்த கரடி

ஒரு காட்டில் ஒரு குகை இருந்தது. அந்தக் குகைக்குச் சொந்தமாக ஒரு கரடி இருந்தது. ஆனால் கரடி குகையில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு குளிர் தேசத்து மிருகக்காட்சி சாலையில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தது.

தன் நகத்தாலேயே குகையைத் தோண்டி முடித்த வருடம்தான் அதைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வருடம் அங்கேயே இருந்தது. தினமும் பதினொரு மணிக்குச் சாப்பாடு. தட்டில் கரையான், கிண்ணத்தில் தேன். ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் கடைசி இரண்டு வருடம் கரடி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெற்கே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. முதுகைப் பார்க்க யார் வருவார்கள்? "இதை ஊருக்கே அனுப்பிவிடலாம்" என்று பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, கூண்டை ஒரு பென்குயினுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காட்டின் ஓரத்தில் பெட்டி திறந்தது. கரடி இறங்கியது. கையில் ஒரே ஒரு சாமான்தான்: கூண்டுக்கு முன்னால் நட்டிருந்த அறிவிப்புப் பலகை, அதன் இரும்புக் கம்பத்தோடு. அதில் இப்படி எழுதியிருந்தது:

"கரடி. சொந்த ஊர்: தெற்கே ஒரு காடு. உணவு: கரையான், தேன். கண்ணாடியைத் தட்டாதீர்கள்."

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஓர் ஓடை. ஓடைக்குக் குறுக்கே ஒரு பெரிய மருதமரம் விழுந்து கிடந்தது. விழுந்து மூன்று வருடம் ஆகிறது. மரத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நாறியது. கீழ்ப்பக்கம் வெறும் சேறு. போகிறவர்களும் வருகிறவர்களும் மரத்தின்மேல் ஏறித்தான் தாண்ட வேண்டும். தாண்டும்போது எல்லோரும் தடுக்கி விழுவார்கள். விழுந்ததும், "இந்தக் காடு உருப்படாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அந்தக் காட்டில் அது வணக்கம் சொல்கிற மாதிரி.

கரடியும் தடுக்கி விழுந்தது.

கிளையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்டுச் செய்திகளெல்லாம் அதன் வாய் வழியாகத்தான் போகும். கரடி என்ன சொல்லப்போகிறது என்று மைனா தலையைச் சாய்த்துப் பார்த்தது.

கரடி சேற்றில் கிடந்தபடியே சொன்னது: "ஆகா, என்ன அழகாக விழுந்து கிடக்கிறது! அங்கேயெல்லாம் மரத்தை விழவே விடமாட்டார்கள். விழுந்தாலும் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். மரத்துக்கு நிம்மதியாக விழ ஓர் இடம் உண்டென்றால் அது நம் காடுதான்."

மைனாவின் வாயில் இருந்த அத்திப்பழம் கீழே விழுந்தது.

"அண்ணே, தலையில் அடி ஏதும் பட்டுவிட்டதா?"

"இல்லை தங்கச்சி. மனசு நிறைந்துவிட்டது."

கரடி தன் குகைக்குப் போனது. சொந்தக் குகைதான். ஆனாலும் பழக்கதோஷம், வாசல் பாறையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு நரி எட்டிப் பார்த்தது.

"யார் வேண்டும்?"

"இது என் குகை."

"அடடே, கரடியாரா? வாருங்கள், வாருங்கள். உங்கள் குகையைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்."

"பன்னிரண்டு வருடமாகவா? தூங்காமலா?"

"தூங்கித்தான் காத்தேன். ஆனால் உள்ளே தூங்கினேன்."

"ரொம்ப நன்றி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அது எப்படி? நீங்கள்தான் அந்தக் கரடி என்று நான் எப்படி நம்புவது? தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்த நிமிடமே வெளியே வந்துவிடுகிறேன்."

காட்டுக்குத் தலைவர் ஓர் எருமை. விழுந்த மருதமரத்துக்குக் கீழ்ப்பக்கம், ஓடையின் சேற்றில், நடுவாகப் படுத்திருந்தது. ஒரே இடத்தில் அவ்வளவு காலம் இருக்க வேறு யாராலும் முடியவில்லை என்பதால் அதையே தலைவராக்கியிருந்தார்கள்.

எருமை எல்லாவற்றையும் கேட்டது. பிறகு அசைபோட்டது. பிறகு, "நாளைக் காலையில் கூட்டம்" என்றது.

கூட்டம் நாலாம் நாள் சாயங்காலம் கூடியது. அதுவரை கரடி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. பதினொரு மணி ஆனதும் எழுந்து, தன் பக்கவாட்டுத் தோற்றத்தை மரங்களுக்கெல்லாம் பொறுமையாகக் காட்டிவிட்டு, சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும். ஒன்றும் வராது. "இங்கே பசிக்கக்கூட நேரம் கொடுக்கிறார்கள்" என்று மைனாவிடம் மெச்சிக்கொள்ளும்.

எல்லா மிருகங்களும் வந்து உட்கார்ந்தன. தெற்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

எருமை சொன்னது: "மழை வரப்போகிறது. குகை யாருக்கு என்று இன்றே முடிவாக வேண்டும். நம் காட்டுச் சட்டம் சுலபமானது. உள்ளூர்க்காரர் என்றால் தோண்டியவருக்கே குகை. வெளியூர் விருந்தாளி என்றால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, மறுநாள் காலையில் வழியனுப்பிவிட வேண்டும். கரடியாரே, நீங்கள் உள்ளூர் என்பதற்கு என்ன சாட்சி?"

கரடி பலகையைத் தூக்கிக் காட்டியது.

"இதை எழுதியது யார்?" என்று கேட்டது நரி.

"அந்த ஊர்க்காரர்கள்."

"அவர்கள் நம் காட்டைப் பார்த்திருக்கிறார்களா?"

"இல்லை."

"சரி, விடுங்கள். நான் மூன்றே மூன்று கேள்வி கேட்கிறேன். நம் காட்டுக்காரர் என்றால் பதிலிலேயே தெரிந்துவிடும். நம் ஓடைத் தண்ணீர் எப்படி?"

கரடிக்கு உற்சாகமாகிவிட்டது. "அமிர்தம். அங்கே தண்ணீருக்கு மணமே கிடையாது. இங்கே தூரத்தில் வரும்போதே மணக்கிறது."

"நம் கொசுக்கள்?"

"எவ்வளவு பாசம். காதிலேயே வந்து பாடுகின்றன."

"காலையில் என்று சொன்ன கூட்டம் நாலு நாள் கழித்துக் கூடியிருக்கிறதே?"

"அவசரமில்லாத வாழ்க்கை. அதற்காகத்தானே திரும்பி வந்தேன்."

நரி எழுந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"கேட்டீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். நம்மில் யாராவது இந்தத் தண்ணீரைப் பற்றி என்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறோமா?"

எல்லோரும் யோசித்தார்கள். ஒருவரும் சொன்னதில்லை.

"இவர் சுற்றிப் பார்க்க வந்தவர், தலைவரே. இரண்டு நாள் பார்ப்பார், ஆகா என்பார், போய்விடுவார்."

எருமை அசைபோட்டது. பிறகு, "கரடியார் விருந்தாளி. நாளைக் காலையில் வழியனுப்புங்கள்" என்றது.

கரடி தன் பலகையையே பார்த்தது. அந்த ஊரில் பன்னிரண்டு வருடமும் அதைத் தெற்கத்திக் கரடி என்றுதான் சொன்னார்கள். இந்த ஊரில் நாலே நாளில் சீமைக் கரடி ஆக்கிவிட்டார்கள். அங்கே கூண்டில் பென்குயின். இங்கே குகையில் நரி. இனி எங்கே போவது?

மறுநாள் காலை நரியே கூட வந்தது. "எங்கள் காடு பிடித்திருந்ததா? அடுத்த தடவை வந்தால் அவசியம் குகைப் பக்கம் வாருங்கள்" என்று பேசிக்கொண்டே வந்தது. கரடி முன்னால் நடந்தது. மருதமரத்தின்மேல் ஏறியது. தடுக்கியது. இந்த முறை குப்புற விழுந்தது. பலகை வந்து மூக்கில் அடித்தது.

கரடி எழுந்து உட்கார்ந்தது. ஏதாவது புகழ்ந்து சொல்லலாம் என்று வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"என்ன காடு இது?" என்றது கரடி.

மைனா திரும்பிப் பார்த்தது.

"மூன்று வருடமாக ஒரு மரம் வழியில் கிடக்கிறதாம். ஓர் ஆள், ஓர் ஆளாவது அதை நகர்த்தினீர்களா? மேலே பார்த்தால் நாற்றம், கீழே பார்த்தால் சேறு. கொசு பாடுகிறதாம், கொசு. காதைப் பிடுங்கித் தின்கிறது. காலையில் கூட்டம் என்றால் எந்த வருடத்துக் காலை என்று சொல்ல வேண்டாமா? நாலு நாளாகப் பசியோடு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறேனே, கரையான் புற்று எங்கே என்று ஒருத்தர் காட்டினீர்களா? இந்தக் காடு உருப்படாது."

மைனா பறந்தது. "வாருங்கள், வாருங்கள், கரடி அண்ணன் திட்டுகிறார்" என்று காடு முழுக்கக் கத்தியது. அன்றைக்கு மட்டும் கூட்டம் உடனே கூடிவிட்டது.

நரி எருமையிடம் ஓடியது. "கேட்டீர்களா தலைவரே? வெளிநாட்டில் இருந்து வந்தவுடன் நம் காட்டைப் பழிக்கிறார். வெளியூர்க்காரர் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?"

எருமை மெதுவாகக் கேட்டது: "நேற்றுப் புகழ்ந்தார், அதனால் வெளியூர் என்றாய். இன்று திட்டுகிறார், அதனாலும் வெளியூர் என்கிறாயா?"

"இரண்டுக்கும் பொருந்துகிறாரே தலைவரே. அதுதான் பலமான சாட்சி."

எருமைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டப் போனது.

கரடி இதையெல்லாம் கேட்கவே இல்லை. அதன் வாய் திட்டிக்கொண்டிருந்தது. கை அதுபாட்டுக்கு இரும்புக் கம்பத்தை மரத்துக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தது. "தலைவராம், தலைவர்" என்று ஓர் அழுத்து. "சட்டமாம், சட்டம்" என்று இன்னோர் அழுத்து. கம்பத்தின் நுனியில் இருந்த பலகை படார் என்று உடைந்து தெறித்தது. தன் ஒரே சாட்சி உடைந்துபோனதைக் கரடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரம் ஒரு விரற்கடை அசைந்தது.

எருமை ஆட்டப்போன தலையை நிறுத்தியது.

"இரு, இரு. விருந்தாளி என்றால் இந்நேரம் போயிருப்பார். இவர் திட்டுகிறார், ஆனால் போகவில்லை. தள்ளுகிறார். அப்படியானால் இவர் உள்ளூர்தான்."

மைனாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படியானால், தலைவரே, மூன்று வருடமாகத் தள்ளாத நாமெல்லாம் எந்த ஊர்?"



அடுத்த நிமிடம் எல்லோரும் மரத்தை நோக்கி ஓடினார்கள். முதலில் போய்த் தோள் வைத்தது யார் தெரியுமா? நரிதான். தன்னையும் விருந்தாளி என்று சொல்லி நாளைக் காலையில் வழியனுப்பிவிட்டால்? மான்கள் நெற்றியால் முட்டின. முள்ளம்பன்றி பின்பக்கமாக வந்து தள்ளியது. அதற்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளினார்கள். மைனா ஒற்றைக் காலை மரத்தில் வைத்து, "நானும் தள்ளுகிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது.

மரம் உருண்டது.

மூன்று வருடத்துத் தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்தது. ஓடையின் நடுவில் படுத்திருந்த எருமையை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. உடைந்த பலகையும் மிதந்துபோய் அதன் முதுகில் ஏறிக்கொண்டது.

"குகை கரடியாருக்கே" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே எருமை வளைவில் திரும்பியது. "இந்தக் காடு உருப்படாது" என்று சொன்னதும் கேட்டது.

அது போய்க் கரை ஒதுங்கியது வேறொரு காட்டில். அங்கே இருந்த மிருகங்கள் முதுகில் இருந்த பலகையைப் படித்துவிட்டு, "கரடியாரே, வாருங்கள்" என்று வரவேற்றன. எருமை மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டுமே. அவர்கள் கொண்டுவந்து வைத்த கரையான் தட்டைப் பார்த்து, "உங்கள் ஊர்ச் சாப்பாடு பிரமாதம்" என்று மட்டும் சொன்னது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கரடி தன் குகைக்குள் கால் நீட்டிப் படுத்தது. நரி வாசலோரம் சுருண்டுகொண்டது. "காவலுக்குத்தான்" என்றது. கரடி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

நனைந்துபோன மைனா உள்ளே எட்டிப் பார்த்தது.

"என்ன அண்ணே, நம் காடு எப்படி இருக்கிறது?"

"உருப்படாது" என்றது கரடி. "மழை விட்டதும் அந்த மேற்குப் பாதையில் கிடக்கிற பாறையைப் புரட்ட வேண்டும். நீயும் வந்துவிடு, தங்கச்சி."

நீதி: ஊரைத் திட்ட எல்லோருக்கும் வாய் உண்டு, திட்டிக்கொண்டே தோள் கொடுக்கிறவருக்குத்தான் ஊர் உண்டு.