இருவாச்சி அலங்கரித்த குழந்தை அறை

ஒரு காட்டில், அத்திமரங்கள் அடர்ந்த மலைச்சரிவில், வீராச்சாமி என்ற இருவாச்சிப் பறவை தன் மனைவி செங்கமலத்துடன் வாழ்ந்து வந்தான்.

குழந்தைகளே, இருவாச்சிகளின் வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சேற்றையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் மட்டும் மிஞ்சும். அதன் வழியாகத்தான் தந்தை பழம் ஊட்டும். அதே துவாரத்தின் பக்கம் பின்புறத்தைத் திருப்பி, எச்சத்தை வெளியே பீய்ச்சி, தாய் அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காலத்தில் தாயின் இறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. சுவர்தான் காவல். அது மரப்பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

செங்கமலம் அப்படித்தான் உள்ளே இருந்தாள். முட்டை பொரியும் நாள் நெருங்கியது.

வீராச்சாமி கெட்டவன் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காமல் ஒரு பழத்தைக்கூட விழுங்க மாட்டான், அவ்வளவுதான்.

ஒரு நாள் காக்கை வந்தது. "அண்ணா, குழந்தை வரப் போகிறதாமே. அறை தயாரா?"

"தயார்தான். சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது."

"சுவர் இருக்கட்டும். அலங்காரம்?"

"அலங்காரமா?"

காக்கை சுவரை மேலும் கீழும் பார்த்தது. "கண் திறந்ததும் குழந்தை முதலில் எதைப் பார்க்கும் என்று யோசித்தீர்களா? இந்தச் சேற்றையா?"

வீராச்சாமியின் கழுத்து சுருங்கியது. "எனக்கு அவ்வளவு வசதி கிடையாது, தம்பி. கிடைக்கிற பழம் அவளுக்கே சரியாகப் போகிறது."

"செலவே இல்லாமல் செய்துவிடலாம். எல்லாம் யாரோ கழித்துப் போட்ட சாமான். தேடிக் கொண்டுவரும் கூலிக்குப் பாதிப் பழம் கொடுங்கள், போதும்."

மறுநாள் காக்கை ஒரு மயிலிறகும், முள்ளம்பன்றி உதிர்த்த சில முட்களும், சுற்றுலா வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன சிப்ஸ் பாக்கெட் ஒன்றும் கொண்டுவந்தது. பாக்கெட்டைத் திருப்பிப் போட்டால் உள்பக்கம் வெள்ளியாய் மின்னியது.

எதுவும் துவாரத்துக்குள் நுழையவில்லை.

"அதனால் என்ன? வெளியே மாட்டுவோம்" என்றது காக்கை.

"குழந்தை உள்ளே அல்லவா இருக்கும்?"

"அலங்காரம் வெளியே இருந்தால்தான் அண்ணா, உள்ளே இருப்பவர்களுக்கு மரியாதை."

வீராச்சாமி இதை இரண்டு முறை யோசித்தான். இரண்டாவது முறை புரிந்த மாதிரி இருந்தது.

முட்களைச் சுவரில் வரிசையாகக் குத்தினார்கள். குத்திய இடமெல்லாம் மண் உதிர்ந்தது.

"என்னங்க, யார் சுவரைக் குத்துவது?" என்று உள்ளிருந்து செங்கமலம் கேட்டாள்.

"அறையை அலங்கரிக்கிறோம், கமலம்."

"அறை இங்கே உள்ளே இருக்கிறது."

"உனக்கு வெளி விஷயம் தெரியாது. பேசாமல் இரு."

"எனக்குப் பசிக்கிறது. அது நன்றாகத் தெரிகிறது. இன்றைக்கு ஏன் பாதிப் பழம்தான் வந்தது?"

"மீதி அறைக்குப் போயிற்று."

வெயில் பட்டதும் சிப்ஸ் பாக்கெட் எதிர்மலை வரைக்கும் பளபளத்தது. பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் மயில் வந்தது. "என் இறகைக் கொஞ்சம் சாய்த்து மாட்டிவிட்டீர்களே" என்று குறைபட்டது. நேராக்கிய பிறகும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து முள்ளம்பன்றி வந்து மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. "இதெல்லாம் என் முதுகில்தான் இருந்ததா? யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே" என்று கண் கலங்கியது.

வீடு தேடி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது எப்படி? வீராச்சாமி ஆளுக்கொரு பழம் கொடுத்தான். அன்று செங்கமலத்துக்குக் காம்பு மட்டும் வந்தது.

"கமலம், இன்னொரு விஷயம்" என்றான் அவன், துவாரத்தில் வாயை வைத்து மெதுவாக. "விருந்தாளிகள் நேர் எதிரில் நிற்கிறார்கள். நீ அந்தச் சுத்தம் செய்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா?"

"எவ்வளவு நேரம்?"

"எல்லோரும் பார்த்து முடிக்கும் வரை."

"நான் அடக்கிக்கொள்வேன். உங்கள் பிள்ளை அடக்குவானா?"

"பிள்ளையா? பொரிந்துவிட்டதா?"

"முந்தாநாளே. சொல்லலாம் என்று கூப்பிட்டேன். நீங்கள் மயிலிறகை நேராக்கிக்கொண்டிருந்தீர்கள்."

வீராச்சாமிக்கு அழுகை வந்தது. உடனே போய் முள்ளம்பன்றியிடம் செய்தியைச் சொன்னான். முள்ளம்பன்றி வாழ்த்திவிட்டு இன்னொரு பழம் கேட்டது.

அன்று மாலை, மற்றவர்கள் போன பிறகு, மரநாய் வந்தது. அது வழக்கமாக இந்தப் பக்கம் வராது. பளபளப்பைப் பார்த்து வந்திருந்தது.

"நான் அலங்காரத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை, ஐயா. வெறுமனே பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான்" என்றது பணிவாக.

"தாராளமாகப் பாருங்கள்" என்றான் வீராச்சாமி.

"என்ன ஒரு ரசனை. உள்ளே எத்தனை பேர்?"

"என் மனைவியும் குழந்தையும்தான். பாவம், அவளுக்கு இறகெல்லாம் உதிர்ந்திருக்கிறது."

"அடடா. சுவர் கெட்டிதானே?"

"முள் குத்திய இடங்களில் இளகியிருக்கிறது. நீங்கள் பார்த்துத் தொட வேண்டும்."

"பார்த்துத்தான் தொடுவேன்" என்று மரநாய் ஒரு முள்ளைப் பிடுங்கியது. அதோடு ஒரு கட்டி மண்ணும் வந்தது.

"என்னங்க, யார் வந்திருப்பது?" என்றாள் செங்கமலம்.

"மரநாய் அண்ணாச்சி. நல்ல ரசிகர்."

உள்ளே செங்கமலம் குஞ்சை அணைத்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்டாள். "எவ்வளவு கிட்டே நிற்கிறார்?"

"ரொம்பக் கிட்டே. சுவரை முகர்ந்து பார்க்கிறார்."

மரநாயின் நகம் மண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு கட்டி விழுந்தது. அப்போதுதான் வீராச்சாமிக்கு அதன் பல் தெரிந்தது.

"முகம் துவாரத்துக்கு நேரா இருக்கிறதா?" என்றாள் அவள்.

"நே... நேராகத்தான் இருக்கிறது."

"அப்படியே இருக்கட்டும். வாங்க அண்ணாச்சி."

மரநாய் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தது.

விருந்தாளிகளின் மரியாதைக்காகச் செங்கமலம் இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அப்போது வெளியே வந்தது. மரநாயின் கண், காது, மூக்கு எல்லாம் நிறைந்தது. அது திணறிக்கொண்டு வாயைத் திறந்தபோது, பிறந்து இரண்டு நாளே ஆன குஞ்சும் துவாரத்தின் பக்கம் திரும்பித் தன் பங்கைச் செலுத்தியது. மரநாய் கிளை கிளையாக விழுந்து, ஓடைவரை நிற்காமல் ஓடியது. சுவரில் மாட்டியிருந்த மயிலிறகும் முட்களும் சிப்ஸ் பாக்கெட்டும் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு போயின.

வீராச்சாமி கிளையில் உட்கார்ந்தான். வழிந்துகொண்டிருந்த சுவரைப் பார்த்தான். வாய்ப் பழக்கத்தில், "அறை பாழாகிவிட்டதே, கமலம்" என்றான்.

"அறை சுத்தமாகத்தான் இருக்கிறது" என்றாள் அவள். "பாழானது வெளியில். அதையே குழைத்து, பெயர்ந்த இடத்தையெல்லாம் பூசிவிடுங்கள். பூசிவிட்டுப் பழம் கொண்டுவாருங்கள். முழுப் பழம்."

அவன் பூசினான். காய்ந்ததும் சுவர் மறுபடி மரப்பட்டை மாதிரி ஆயிற்று. மயில் வந்து தேடிப் பார்த்து, மரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனது.

குஞ்சு கண் திறந்த அன்று துவாரத்தின் பக்கம் பார்த்தது. அங்கே ஓர் அலகும், அதன் நுனியில் ஒரு முழு அத்திப்பழமும் இருந்தன.

நீதி: குழந்தையின் அறையை அலங்கரிக்கும் முன், அது குழந்தைக்கா, பார்க்க வருகிறவர்களுக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.