கொட்டகைக்கு அரை டன்

புளியமடைப் பேரூராட்சித் தலைவர் சென்னியப்பனுக்குப் பிறந்தநாள் வந்தால் ஊருக்கு ஆகாயமே தெரியாது. அத்தனை பிளாஸ்டிக் பேனர்! இந்த வருடப் பிறந்தநாள் முடிந்து மூன்று மாதமாகியும் ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி ஒருவர் வந்தார். "நாளைக்குள்ள அரை டன் பிளாஸ்டிக் சேர்த்துக் காட்டுங்க. அப்பத்தான் குப்பை பிரிக்கிற கொட்டகைக்கு அரசு மானியம்."

தலைவர் தூய்மைப் பணியாளர் ராமாத்தாளிடம் உறுமினார். "சேர்க்கலேன்னா உன் வேலை போச்சு!"

வெயிலில் உட்கார்ந்தே குப்பை பிரிக்கிறவள் அவள். கொட்டகை அவளுக்கல்லவா வேண்டும்? "தெருவுல எது இருந்தாலும் எடுக்கலாமுங்களா?" என்று பணிவாகக் கேட்டாள்.

"எதுன்னாலும் எடு! தடுக்கறவனுக்கு ஐயாயிரம் அபராதம்!" என்று அதிகாரிக்கு எதிரில் மார்தட்டினார் தலைவர்.

மறுநாள் அதிகாரி வந்தபோது, எடை மேடையில் சென்னியப்பன் எண்பது முகத்தோடு கும்பிட்டபடி கிடந்தார். எடை அரை டன்னைத் தாண்டியிருந்தது.

"எம் மூஞ்சியவா குப்பையில போட்டே? எறக்கு அதை!" என்று பாய்ந்தார் தலைவர்.

ராமாத்தாள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "தடுக்கறாருங்க. ரசீதை எழுதிருங்க."

கொட்டகை வந்தது. தலைவரின் அடுத்த பிறந்தநாளுக்குப் புளியமடையில் ஆகாயம் தெரிந்தது.